ஒரு பூச்சி, மூன்று பெயர்: மரக்காணம் மண்ணின் சிவப்புக் கம்பளிப்புழு

மரக்காணத்தில் கோடை மழையை எல்லோரும் ஒரே முகத்தோடு வரவேற்பதில்லை. பாத்தி கட்டி, நீர் நிறுத்தி, வெயிலை நம்பி நிற்கும் உப்பளத்துக்காரருக்கு வைகாசியில் ஒரு மணி நேரம் கொட்டும் மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நீளும் உப்புப் பருவத்தில் அவர் வானத்தைப் பார்ப்பதே மேகம் கூடாமல் இருக்கிறதா என்று அறியத்தான். திண்டிவனம் சாலையில் மேற்கே சில கல் தள்ளிப் போனால் மண் சிவக்கும், பேச்சும் மாறும். அங்கே மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடக் காத்திருப்பவருக்கு அதே மழை வரம்.

இவர்கள் இருவரையும் தவிர, அந்த மழைக்காக மண்ணுக்குள் ஒன்பது, பத்து மாதமாகக் காத்துக் கிடக்கும் உயிரும் ஒன்று உண்டு. ஈரம் இறங்கிய ஓரிரு நாளில், பொழுது சாய்ந்ததும், அது வெள்ளைச் சிறகோடு வெளியே வரும். தெருவிளக்கு, டீக்கடைக் குழல்விளக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெட்ரோல் பங்க் என்று வெளிச்சம் உள்ள இடமெல்லாம் மோதும். ஈசலும் அதே மழைக்குத்தான் புறப்படுகிறது. ஆகவே பார்ப்பவர் இரண்டையும் மழைப்பூச்சி என்று தட்டிவிட்டுப் போவார். சில வாரம் கழித்து மல்லாட்டைக் கொல்லையில் கம்பளிப்பூச்சி திரளும். அடுத்த கோடை உழவில் பழுப்பு நிறக் கொட்டை போன்ற ஒன்று மண்ணோடு புரண்டு மேலே வரும். விளக்கடியில் ஒரு பெயர், செடியில் ஒரு பெயர், உழவுசாலில் ஒரு பெயர். மூன்றும் ஒரே பூச்சி.

வேளாண் துறை இதைச் சிவப்புக் கம்பளிப்புழு என்கிறது. அறிவியல் பெயர் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. இதை எப்படி இனம் காண்பது, இதன் வாழ்க்கை எப்படி ஓடுகிறது, இதுவரை மனிதர் செய்த தடுப்புகளில் எது எவ்வளவு உதவியது என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

பெயரில் தொடங்கும் குழப்பம்

இரவில் பறக்கும் செதிற்சிறகுப் பூச்சிகளைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை, குழப்பத்துக்கும் பஞ்சமில்லை. அந்து என்பது முதலில் குதிரில் நெல்லைக் கூடாக்கிவிட்டுப் பறக்கும் சிறு பூச்சி. இன்று அந்துப்பூச்சி என்று எல்லாவற்றையும் அடக்கிச் சொல்கிறோம். விட்டில் என்றால் விளக்கில் விழுவது. ஆனால் அதே சொல் வெட்டுக்கிளிக்கும் வழங்குகிறது. கம்பளிப்பூச்சி என்பதோ பூச்சியே அல்ல, பூச்சியின் குழந்தைப் பருவம். தொல்லை கொடுக்கும் பருவத்துக்குப் பெயர் வைத்த ஊர், தொல்லையைப் பெற்றுவிட்டுப் போகும் பருவத்துக்குத் தனியாகப் பெயர் வைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் வேளாண் அலுவலர்கள் தாய் அந்துப்பூச்சி என்றார்கள். உழவர் வாயில் அது தாய்ப்பூச்சி ஆயிற்று. நல்ல சொல்; புழுவுக்கும் அந்துக்கும் உள்ள உறவை அதுவே சொல்லிவிடுகிறது.

புழுவும் பூச்சியும் ஒன்றே என்பதை உலகமும் எளிதில் ஏற்கவில்லை. சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமே பிறக்கின்றன என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலத்தில், ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பிறகு கண்ணில் பட்ட புழுக்களையெல்லாம் வளர்த்து, முட்டை, புழு, கூடு, அந்து, அது தின்னும் செடி எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்து 1679-இல் நூலாக வெளியிட்டார். இன்றும் ஒரு புழு எந்த அந்தாகும் என்று ஐயமற அறிய எளிய வழி அதை வளர்த்துப் பார்ப்பதுதான்.

நம் கம்பளிப்பூச்சி விஷயத்தில் அந்த வழிக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கம்பளிப்பூச்சியைப் பிடித்துச் சீசாவில் போட்டு இலை கொடுத்து வளர்ப்பது எல்லா ஊரிலும் நடப்பது. மற்றப் புழுக்கள் பல இரண்டொரு வாரத்தில் சிறகோடு வந்து பிள்ளையை மகிழ்விக்கும். இதுவோ மண்ணுக்குள் போனால் அடுத்த ஆண்டு மழைக்குத்தான் எழும். அதற்குள் சீசா குப்பைக்குப் போயிருக்கும், பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். எனவேதான் புழுவை அறிந்த ஊர் அதன் தாயை அறியாமல் இருக்கிறது.

சுவரில் அமர்ந்திருக்கும்போது

இந்திய அந்துகளை முறையாகத் தொகுத்த பழைய பெருநூல் ஜார்ஜ் ஹாம்ப்சன் எழுதியது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய அவர், பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக அதை வெளியிட்டார். இந்தியாவில் இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்து இனங்கள் அறியப்பட்டுள்ளன. இத்தனைக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பூச்சி அவ்வளவு சோதிப்பதில்லை.

மழைக்கு மறுநாள் இரவு எட்டு மணி வாக்கில் விளக்குக்குக் கீழே சுவரைப் பாருங்கள். சிறகை விரித்தால் நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கும் வெள்ளை அந்து ஒன்று, முன்சிறகுகளைக் கூரைபோல் உடம்பின்மேல் சாய்த்து வைத்து அமர்ந்திருக்கும். முதலில் முன்சிறகின் விளிம்பைப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து நுனி நோக்கி மஞ்சள் கோடு ஒன்று ஓடும். தலையிலும் ஒரு மஞ்சள் பட்டை. முன்சிறகு முழுதும் பழுப்புக் கீற்றுகள். அவற்றிடையே வெண்மை கோடு கோடாகத் தெரியும். அல்பிஸ்ட்ரைகா என்ற இலத்தீன் பெயரின் பொருளே வெண்கீற்று என்பதுதான். ஈர்க்குச்சியால் மெல்லச் சீண்டினால் முன்சிறகு விலகும். உள்ளே பின்சிறகு வெள்ளை, அதில் கருந்திட்டுகள். மஞ்சள் விளிம்பு, தலைப்பட்டை, பழுப்புக் கீற்று, கருந்திட்டு ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

ஏமாற்றக்கூடியவை சில உண்டு. இதே பேரினத்தில் அம்சாக்டா மூரி என்பது வட இந்தியாவில் மிகுதி. அதில் மஞ்சள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பாக இருக்கும். க்ரியடோனோட்டஸ் கங்கிஸ் என்னும் அந்தும் வெளிர் சிறகில் கருங்கோட்டோடு விளக்குக்கு வரும். அதன் அடிவயிறு சிவப்பு. ஆண் பூச்சி வயிற்று நுனியிலிருந்து மயிரடர்ந்த நான்கு குழாய்களை ஊதிப் பெரிதாக்கி மணம் பரப்பும். கைப்பேசிகளில் 'விசித்திர ஜந்து' என்று சுற்றி வந்த காணொளியில் இருப்பது அதுதான். கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றிப் பகலிலேயே பறக்கும் யூதெதைசா வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி கொண்டது. ஆமணக்கிலும் வாழையிலும் மேயும் கறுப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிக்குப் பின்சிறகு இளஞ்சிவப்பு. இவையெல்லாம் புலி அந்துகள் எனப்படும் ஒரே கூட்டத்தின் உறவுகள். முன்பு ஆர்க்டிடே என்று தனிக் குடும்பமாக இருந்த இக்கூட்டம், மரபணு ஆய்வுகளுக்குப் பின் எரிபிடே என்னும் பெருங்குடும்பத்தின் கிளையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இவற்றின் புழுக்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் கம்பளிக் கரடி. கம்பளி அங்கும் தப்பவில்லை.

புழுவைப் பார்த்து அடையாளம் சொல்வதும் எளிது. முற்றிய புழு ஐந்து சென்டிமீட்டர் நீளம். செம்பழுப்பு உடல், இரு முனையிலும் கறுப்புப் பட்டை, மேலெல்லாம் நீண்ட செம்பழுப்பு மயிர். மல்லாட்டையில் மேயும் புரோடீனியா என்னும் புழுவுக்கு மயிர் கிடையாது. சுருள்பூச்சியின் புழு இலையை மடித்து உள்ளே ஒளிந்திருக்கும். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு இனம். முருங்கையைப் பார்த்து மல்லாட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முட்டை முதல் மண் வரை

வெளிவந்த பெண் பூச்சி ஆணோடு கூடி, இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். 600, 700 முட்டைகள் வரை குவியல் குவியலாக வைக்கும். கடுகைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் நிற உருண்டைகள் நெருங்கி ஒட்டியிருக்கும். செடியை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து இலையைத் திருப்ப வேண்டும்.

இரண்டு, மூன்று நாளில் முட்டை பொரியும். பிறந்த குஞ்சுப்புழு பச்சை நிறம். இந்த வயதில் அவை கலைவதில்லை. பிறந்த இலையிலேயே கூட்டமாக நின்று பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலை வெளுத்து, நரம்பு மட்டும் நிற்கும் சல்லடையாகும். பச்சைக் கொல்லையில் இப்படி வெளுத்த இலை தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஒரு புழுக்கூட்டம் மொத்தமும் ஒரே இலையில், ஒரே கைப்பிடியில் இருப்பது இந்தச் சில நாட்கள்தான்.

அதன்பின் புழு வளரும், மயிர் செம்பழுப்பாகும், கூட்டம் பிரியும். சுரண்டித் தின்றது இப்போது இலையைக் காம்போடு தின்னும். மல்லாட்டை மட்டுமின்றிக் காராமணி, ஆமணக்கு, துவரை, சோளம், கேழ்வரகு, பருத்தி எதையும் விடாது. ஒரு கொல்லை மொட்டையானதும் அடுத்ததற்குப் படை நடக்கும். வரப்பையும் வண்டித்தடத்தையும் தாண்டி நூற்றுக்கணக்கில் ஊர்ந்து போகும் இக்காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். கையில் பட்டால் மயிர் குத்தி அரிக்கும். பல பறவைகள் தொடத் தயங்குவதற்கும் அந்த மயிரே காரணம். ஐந்து முதல் ஏழு வாரம் புழுப் பருவம்.

முற்றிய புழு நிழலும் ஈரமும் தேடி நடக்கும். வயல் மரத்தடி, வரப்போரம் போன்ற இடங்களில் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து, மண்ணாலேயே அறை கட்டி, பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். அங்கே அதன் கடிகாரம் நின்றுவிடும்.

உறக்கத்தின் கணக்கு

நின்றுவிடும் என்றது உவமைக்காக அல்ல. வளர்ச்சியை அப்படியே நிறுத்தி, உடலின் செலவை மிகக் குறைத்து, காலம் வரும்வரை கிடக்கும் நிலை இது; உயிரியலில் வளர்ச்சித் தடையுறக்கம் என்பார்கள். ஆவணி, புரட்டாசியில் புதைந்தது அடுத்த ஆண்டு வைகாசி, ஆனி வரை அப்படியே கிடக்கும். கோடையில் மானாவாரிக் கொல்லையில் பச்சை இலை ஒன்றுகூட இராது. அந்நேரம் முட்டையிட்டால் குஞ்சுக்குத் தீனி இல்லை. பருவமழையின் முதல் நல்ல ஈரம் மண்ணில் இறங்கும்போதுதான் விதைப்பு நடக்கும், களை முளைக்கும், தளிர் வரும். விவசாயி எந்த அறிகுறியைப் பார்த்து விதைக்கிறாரோ அதே அறிகுறியைப் பார்த்துத்தான் பூச்சியும் எழுகிறது. ஒரே நாளில் ஊர் முழுக்க வெளிவருவதால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடி அலைவதும் இல்லை.

பூச்சியின் பலவீனமும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே கதவு, அது எப்போது திறக்கும் என்பது நமக்கும் தெரியும். ஆண்டு முழுதும் தலைமுறை தலைமுறையாக வரும் புரோடீனியாவோடு ஒப்பிட்டால் இது நாள் குறித்துவிட்டு வரும் விருந்தாளி.

உப்பளத்துக்குள் இந்தப் பூச்சி குடியிருப்பதில்லை. அது தின்னும் பயிர் அங்கே இல்லை. உவர் நீர் நிற்கும் பாத்தியில் புதையவும் முடியாது. உப்பளத்து விளக்குகளில் அது தெரிந்தால் மேற்கே உள்ள கொல்லைகளிலிருந்து காற்றோடு வந்தது என்றே கொள்ள வேண்டும். ஆனாலும் உப்பு கரைந்த இரவும் பூச்சி எழும் இரவும் அடுத்தடுத்து வருவதால், உப்பளத்தார் சலிப்போடு குறித்து வைக்கும் மழைக்கணக்கே கொல்லைக்காரருக்கு எச்சரிக்கை மணியாக உதவும்.

செய்து பார்த்தவை

மரக்காணத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரில் ஒலிப்பது அந்த ஊர்தான். கடலை விளையும் செம்மண் பூமியில் கம்பளிப்புழு பழைய பகை. இதற்கெதிரான வழிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது கோடை உழவு. கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் வெளிப்படும். உழவு மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் கொக்கும் மைனாவும் காகமும் நடப்பது சும்மா அல்ல. குறை என்னவென்றால், மரத்தடியும் வரப்பும் உழவுக்கு அகப்படுவதில்லை. புழு விரும்பிப் புதைவதோ அங்கேதான்.

இரண்டாவது விளக்குப்பொறியும் சொக்கப்பனை போன்ற தீமூட்டமும். மழைக்குப் பிந்தைய இரவுகளில் ஏழு மணி முதல் பதினொரு மணி வரை வைக்கச் சொல்வது வழக்கம். இது எவ்வளவு பூச்சியை ஒழிக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை; வயிறு கனத்த பெண் பூச்சி, விளக்கைத் தேடி வருமுன்பே முட்டையிட்டிருக்கலாம். ஆனால் பூச்சி எழுந்துவிட்டது என்று நாள் சொல்வதில் விளக்குக்கு நிகர் இல்லை. அந்து ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்ற பழைய கேள்விக்கு 2024 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு புது விடை தந்தது. அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, பூச்சிகள் வெளிச்சத்தை நோக்கிப் பறப்பதைவிட முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறந்தன. வானம்தான் எப்போதும் வெளிச்சம், அது முதுகுப்பக்கம் என்பது அவற்றின் பழக்கம். பக்கத்தில் விளக்கு இருந்தால் மேல் எது, கீழ் எது என்று தடுமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். காதலால் சுடரில் விழும் விட்டில் கவிஞர்களுடையது. நிஜ விட்டில் திசை கெட்டது.

மூன்றாவது கையால் பொறுக்குவது. முட்டைக்குவியல் உள்ள இலையையும் வெளுத்த இலையையும் கிள்ளி அழிப்பது. வரப்போரத்திலோ ஊடுபயிராகவோ ஆமணக்கு அல்லது காராமணி விதைத்தால் பெண் பூச்சி அதை நாடும். தேட வேண்டிய இடம் சுருங்கும். செலவில்லாத வழி, பலனும் பெரிது. பத்துத் தாய்ப்பூச்சியின் முட்டைகளைக் கிள்ளினால் ஆறாயிரம் புழு பிறக்காது. ஆனால் காலம் தவறினால் இதே வேலை பத்து ஆளாலும் ஆகாது.

நான்காவது அகழி. படை நகரும் திசையில் 30 சென்டிமீட்டர் ஆழம், 25 சென்டிமீட்டர் அகலத்தில், சுவர் செங்குத்தாக வெட்டினால் புழு விழும், ஏறாது. கடைசிக் காவல் இது. தன் கொல்லை போன பிறகு அடுத்தவன் கொல்லையைக் காப்பது.

ஐந்தாவது நோயை ஏவுவது. என்.பி.வி. என்னும் வைரஸ் இப்புழுவுக்கென்றே உண்டு. தொற்றிய புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, உள்ளே கூழாகி இறக்கும். தோல் வெடித்து ஒழுகும் நீர் மற்றப் புழுக்களையும் தொற்றும். ஹெக்டேருக்கு 250 நோய்ப்புழுக்களின் அளவு வைரஸை நீரில் கரைத்து, இளம்புழு உள்ளபோது, மாலையில் தெளிப்பது பரிந்துரை. வெயிலின் புறஊதாக் கதிர் வைரஸைக் கொன்றுவிடும் என்பதால்தான் மாலை. மனிதருக்கும் மாட்டுக்கும் தேனீக்கும் தீங்கில்லை. வேதிப் பூச்சிக்கொல்லி இதைவிட விரைவாகக் கொல்லும் என்பது உண்மை. முற்றிய புழுவுக்கு அதுவும் எளிதில் பலிப்பதில்லை என்பதும் உண்மை.

ஐந்திலும் பொதுவான ஒன்று உண்டு: தனியாள் செய்தால் பயனில்லை. நான் பொறுக்க, பக்கத்துக் கொல்லைக்காரர் சும்மா இருந்தால் ஒரு மாதத்தில் அவருடைய புழு என் வரப்பில் நிற்கும். இதை உணர்ந்தே சென்னை மாகாணத்தில் 1919-லேயே பயிர்ப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் மாகாண அளவில் அது முதல் சட்டம். ஊரே கூடித் தடுக்க வேண்டிய பூச்சிகளுக்கு எடுத்துக்காட்டாக வேளாண் பாடங்களில் இன்றும் நிலக்கடலைக் கம்பளிப்புழு சொல்லப்படுகிறது.

எங்கே தவறுகிறோம்

வழிகளை அடுக்கிவைத்துப் பார்த்தால், எதுவும் புதிதல்ல, எதுவும் விலை மிகுந்ததும் அல்ல. அப்படியிருந்தும் புழு ஜெயிப்பது நாட்கணக்கில். மழை பெய்த நாளை ஒன்று என்று கொண்டால், இரண்டு மூன்றாம் நாளில் விளக்கில் தாய்ப்பூச்சி. ஆறேழு நாளில் முட்டை பொரிந்துவிடும். அதற்கடுத்த ஒரு வாரம் புழு ஒரே இலையில் கூட்டமாக இருக்கும். ஆக, பூச்சியை முதலில் பார்த்த இரவிலிருந்து நம் கையில் உள்ளது ஏறத்தாழ பத்து நாள். நாமோ கணக்கைத் தொடங்குவது செம்பழுப்பு மயிரோடு புழு நடக்கும்போது. அப்போது மிஞ்சுவது அகழியும் மருந்தும்தான்.

மல்லாட்டை விதைத்த மேட்டு நிலங்கள் பல இன்று சவுக்குத் தோப்பாகவும் தர்பூசணிக் கொல்லையாகவும் மனைப்பிரிவாகவும் மாறியுள்ளன. தெருக்களில் பழைய பாதரச விளக்கு போய் எல்.இ.டி. வந்துவிட்டது, புறஊதா குறைந்த அந்த ஒளிக்குப் பூச்சி குறைவாகவே வரும். விளக்கடியில் பூச்சி இல்லை என்பதால் கொல்லையில் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஊருக்கு ஒன்றாவது பழைய குழல்விளக்கை வெள்ளைத் துணிக்கு முன்னால் கட்டிவைத்தால் போதும். அமெரிக்காவில் 2012-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் அந்துப்பூச்சி வாரம் ஜூலை கடைசியில் வருகிறது. அதுவரை காத்திருந்தால் நம் பூச்சி பெரும்பாலும் புழுவாகியிருக்கும். நமக்கு வேண்டியது மழையைப் பார்த்துக் குறிக்கும் வாரம். திண்டிவனம், மரக்காணம், வானூர் வட்டாரப் பள்ளிகளுக்கு இதைவிட எளிய, இதைவிடப் பயனுள்ள அறிவியல் பாடம் கிடைக்காது.

ஆகவே அடுத்த வைகாசியில், உப்பளத்தில் பாத்தி கரைந்தது என்று செய்தி வந்தால், மறுநாள் இரவு எட்டு மணிக்கு வாசல் விளக்கடியில் நின்று பாருங்கள். மஞ்சள் விளிம்போடு வெள்ளை அந்து அமர்ந்திருந்தால் தேதியைக் குறித்துவிட்டு, பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் காலையில் இருவருமாகப் போய் இலைகளைத் திருப்பத் தொடங்குங்கள்.